காரில் நார்வே–ஸ்வீடன் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஸ்லோவில் கிளம்பி ட்ரோண்ட்ஹெய்ம், மோ இ ராணா, போடோ. அங்கிருந்து கப்பலில் லோஃபோட்டன் தீவுகள். பிறகு நார்விக், எல்லை தாண்டிக் கிரூனா, லூலியோ, கிழக்குக் கரையோரமாக ஸ்டாக்ஹோம், மறுபடி ஓஸ்லோ. இந்தச் சுற்றைத் திட்டமிடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஓஸ்லோவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

மொத்தம் எவ்வளவு தூரம் வரும்? எத்தனை நாள் லீவு போடணும்?

சுற்று மட்டும் சுமார் 3,500 கிலோமீட்டர். ஓஸ்லோ–ட்ரோண்ட்ஹெய்ம் 500, ட்ரோண்ட்ஹெய்ம்–மோ இ ராணா 480, மோ–போடோ 230, லோஃபோட்டனின் தென்முனையிலிருந்து நார்விக் 350, நார்விக்–கிரூனா 180, கிரூனா–லூலியோ 340, லூலியோ–ஸ்டாக்ஹோம் 900, ஸ்டாக்ஹோம்–ஓஸ்லோ 520. ஊருக்குள் சுற்றுவது, பக்கச் சாலைகளில் நுழைவது எல்லாம் சேர்த்து 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாள் இருந்தால் நிதானமாகப் போகலாம். பன்னிரண்டில் முடியும், ஆனால் லோஃபோட்டனில் ஓர் இரவுதான் மிஞ்சும். பத்து நாள்தான் கிடைக்கும் என்றால் சுற்றை விட்டுவிடுங்கள். விமானத்தில் போடோவுக்கோ நார்விக் அருகே உள்ள எவெனெஸுக்கோ போய், அங்கே கார் எடுத்து லோஃபோட்டன்–நார்விக்–ஆபிஸ்கோ மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது.

மேப்புல ஏழு மணி நேரம்னு காட்டுது. கொஞ்சம் மிதிச்சா ஆறுல போயிடலாம்ல?

போக முடியாது. நார்வேயில் ஊருக்கு வெளியே பொது வேக வரம்பே 80 தான். ஓஸ்லோவுக்கு வடக்கே இ6 சாலையின் சில பகுதிகளில் 110 வரை உண்டு. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு வழிக்கு ஒரே தடம். முன்னால் ஒரு கேரவன் போனால் அதன் வேகம்தான் உங்கள் வேகம். நிறுத்தங்களையும் சேர்த்தால் நார்வேயில் சராசரி மணிக்கு 60 கிலோமீட்டர் தேறும், அவ்வளவுதான்.

அதனால் கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் திட்டமிடுங்கள். மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். நார்வேயில் ஒரு நாளைக்கு 300–350 கிலோமீட்டர் போதும். ஸ்வீடனின் இ4 சாலையில் 450 வரை சிரமமில்லை. ஓஸ்லோ–ட்ரோண்ட்ஹெய்மை ஒரே நாளில் ஓட்டலாம். மறுநாளே மோ இ ராணாவுக்கும் ஒரே மூச்சில் போகத் திட்டமிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. நடுவில் ஸ்டெய்ங்கெரிலோ மோஷோனிலோ ஓர் இரவு தங்குங்கள்.

எந்த மாசம் நல்லது?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. மே இறுதியிலிருந்து ஜூலை நடு வரை லோஃபோட்டனிலும் கிரூனாவிலும் சூரியன் மறைவதே இல்லை. இதில் ஒரு தொல்லையும் உண்டு: வெளிச்சம் இருப்பதால் களைப்பு தெரியாமல் இரவு பதினொரு மணிக்கும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஒரு நேரத்தை முடிவு செய்து வண்டியை நிறுத்திவிடுங்கள். தூங்கக் கண்மறைப்புத் துணி எடுத்துப் போங்கள்; எல்லா அறைகளிலும் திரை தடிமனாக இருக்காது.

எங்கள் கணிப்பில் ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் முதல் பாதியும்தான் சிறந்தவை. கூட்டம் குறையும், ஸ்வீடனின் வடக்கே ஜூலையில் பிய்த்தெடுக்கும் கொசு அடங்கியிருக்கும், இரவு இருட்டுவதால் வானம் தெளிந்த நாளில் துருவ ஒளியும் தெரியும், சாலையில் பனியும் இருக்காது.

விசா எந்த நாட்டுக்குப் போடணும்? ரெண்டுக்கும் தனித்தனியா?

ஒரே ஷெங்கன் விசா போதும்; ஷெங்கன் என்பது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போகவிடும் ஏற்பாடு. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. இந்தச் சுற்றில் பொதுவாக நார்வேதான் வரும். விண்ணப்பத்தோடு கொடுக்கும் தங்குமிடப் பதிவுகளும் அதே கணக்கைக் காட்ட வேண்டும். நார்வேயிடம் கேட்டுவிட்டு ஸ்வீடனில் எட்டு இரவு, நார்வேயில் ஆறு இரவு என்று பயணத் திட்டம் கொடுத்தால் அதுவே நிராகரிக்கக் காரணமாகலாம்.

2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஃபிராங்ஃபர்ட்டிலோ கோபன்ஹேகனிலோ விமானம் மாறினால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அது பிரச்சினை இல்லை.

நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா? ஐ.டி.பி. கட்டாயமா?

ஆங்கிலத்தில் அச்சிட்ட, புகைப்படம் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சுற்றுலாப் பயணியாக இரு நாடுகளிலும் ஓட்டலாம். நார்வேயில் மூன்று மாதம் வரை செல்லும். ஆனால் வாடகை நிறுவனத்தின் முகப்பில் இருப்பவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை (ஐ.டி.பி.) கேட்டால், சட்டத்தை எடுத்துக் காட்டி வாதாடிக் கொண்டிருக்க முடியாது. 1,000 ரூபாய்க் கட்டணத்தில் முடிகிற வேலை, வாங்கிவிடுங்கள்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் படிவம் 4ஏ. பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், உரிமம் ஆகியவற்றின் நகல்கள் தேவை, விசா நகலும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் விசா கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால் பயணத்துக்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி வையுங்கள். அனுமதிப் புத்தகம் மட்டும் தனியாகச் செல்லாது. அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

வாடகைக் கார் எடுக்கும்போது என்னென்ன கேட்டு வாங்கணும்?

முதலில், எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். ஓஸ்லோவில் எடுத்து ஸ்டாக்ஹோமில் விட்டால், வண்டியை எல்லை தாண்டித் திருப்பிக் கொண்டுவரும் செலவு உங்கள் தலையில் விழும். சில சமயம் அது வாடகையையே தாண்டும். இந்தப் பயணம் ஒரு வட்டமாக அமைந்திருப்பதன் முக்கியக் காரணமே இதுதான்.

ஸ்வீடனுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிடுங்கள். கிலோமீட்டர் வரம்பு இல்லாத வாடகையா என்று பாருங்கள். 4,000 கிலோமீட்டருக்கு வரம்பு வைத்த வாடகை கட்டுப்படியாகாது. கண்ணாடிக்கும் டயருக்கும் காப்பீடு தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள், வடக்கே சரளைக் கல் தெறித்து முன்கண்ணாடி விரிவது சாதாரணம். வண்டி ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

வண்டியை எடுக்கும்போது முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் மேலங்கி, தேவையானால் குழந்தை இருக்கை மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு இரு நாடுகளிலும் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை.

ஒஸ்லோவில மச்சான்ர கார் சும்மா நிக்குது. அதைக் கொண்டுபோகேலாதோ?

கொண்டுபோகலாம். மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, மச்சானின் காப்பீட்டில் ஓட்டுநர் வயது, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஏதாவது வரம்பு இருக்கிறதா. நார்வேயில் பல காப்பீடுகள் ஆண்டுக் கிலோமீட்டர் கணக்கில்தான் விற்கப்படுகின்றன. உங்கள் 4,000 அதைத் தாண்டவைக்கும். இரண்டாவது, வண்டியை ஓட்ட அனுமதிக்கிறேன் என்று தேதி, பதிவெண்ணோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். மூன்றாவது, டோல், ஃபெர்ரிக் கட்டணம் எல்லாம் மச்சானின் கணக்குக்கே போகும், அதை எப்படித் தீர்ப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. நார்வேயில் வசிப்பவர் ஸ்வீடன் பதிவெண் வண்டியை நார்வேக்குள் ஓட்டுவதற்குச் சுங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. ஸ்வீடனில் வசிப்பவர் நார்வே வண்டியை அங்கே ஓட்டுவதற்கும் அப்படியே. ஸ்டாக்ஹோமில் இருக்கும் தம்பி வழியில் ஏறிக்கொண்டு "நான் கொஞ்சம் ஓட்டுறன்" என்றால் யோசித்துக் கொடுங்கள். சுற்றுலாப் பயணியாக வந்த நீங்கள் ஓட்டும்போது இந்தச் சிக்கல் இல்லை.

லெஃப்ட்ல ஓட்டிப் பழகின கை. ரைட் சைடு பயமா இருக்கு.

வலப்பக்கம் அரை நாளில் பழகிவிடும். இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரை இயக்குவதும் இரண்டாம் நாள் நின்றுவிடும். ஸ்வீடன் முழுவதுமே 1967 செப்டம்பர் 3 அன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிய நாடுதான். தப்பு நடப்பது நெரிசலில் இல்லை. காலியான சாலையில், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும் அந்த முதல் பத்து விநாடியில். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் "ரைட்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

பழகாதது வேறொன்று: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நீங்கள் அகலமான தெருவில் போய்க்கொண்டிருக்கலாம், அவர் சந்திலிருந்து வரலாம். அவர் நிற்க மாட்டார், நிற்க வேண்டியது நீங்கள்தான். குடியிருப்புப் பகுதிகளில் இது நிறைய வரும். மஞ்சள் வைரப் பலகை போட்ட முதன்மைச் சாலையில் மட்டும் உங்களுக்கு முன்னுரிமை. வரிக்கோட்டில் நடப்பவர் கால் வைக்க வந்தாலே நின்றாக வேண்டும். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ரத்தத்தில் மதுவுக்கான வரம்பு இரு நாடுகளிலும் 0.2 புரோமில் (ஆயிரத்தில் 0.2 பங்கு), அதாவது ஒரு பியருக்கும் இடமில்லை.

டோல் கேட்டே கண்ணுல படல. அப்புறம் பணம் எப்படிக் கட்டுறது?

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போல ஒட்டுவில்லை இரு நாடுகளிலும் கிடையாது. நார்வேயில் மேலே கேமரா இருக்கும், நிற்காமல் போய்விட வேண்டும். வாடகைக் காரில் கண்ணாடியில் டோலைப் பதியும் ஆட்டோபாஸ் கருவி ஒட்டியிருக்கும், நிறுவனம் பிறகு உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். ஓஸ்லோவிலும் ட்ரோண்ட்ஹெய்மிலும் நகர வளையங்கள் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் பல கேமராக்களைத் தாண்டினால் ஒருமுறைதான் கட்டணம் என்ற விதி பல நகரங்களில் இருக்கிறது. அதனால் ஊரைச் சுற்றிப் போய்த் தப்பிக்க வேண்டியதில்லை. ஸ்வீடன் பதிவெண் வண்டியில் கருவி இல்லாமல் வந்தால் வெளிநாட்டு வண்டிகளுக்கு டோல் வசூலிக்கும் எபாஸ்24 வழியாக உரிமையாளருக்கு ரசீது போகும்.

ஸ்வீடனில் நெடுஞ்சாலைக்குப் பொதுவாகக் கட்டணமே இல்லை. ஸ்டாக்ஹோமிலும் கோத்தன்பர்கிலும் வார நாட்களின் பகலில் நெரிசல் வரி உண்டு. சனி, ஞாயிறுகளிலும் இரவிலும் ஜூலையின் பெரும்பகுதியிலும் கிடையாது. வடக்கே சுண்ட்ஸ்வாலில் இ4 பாலத்துக்குச் சிறு தொகை. எல்லாமே கேமராதான்.

ஃபெர்ரி முன்னாடியே புக் பண்ணணுமா?

சாலையின் தொடர்ச்சியாக ஃபியோர்டை (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்) கடக்கும் சிறு ஃபெர்ரிகளுக்கு வேண்டாம். வரிசைத் தடத்தில் வண்டியை நிறுத்துங்கள், முதலில் வந்தவர் முதலில் ஏறுவார். பணம் கேமரா வழியாகவே போய்விடும். ஏறியதும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு கியரில் விடுங்கள்.

போடோ–மொஸ்கெனெஸ் மட்டும் வேறு கதை. லோஃபோட்டனின் தென்முனைக்கு நேராகப் போகும் கப்பல், திறந்த கடலில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் அடுத்த கப்பலுக்கும் அதற்கடுத்ததற்கும் காத்துக் கிடக்க நேரிடும். பதிவு செய்யும்போது வழியையும் பாருங்கள். சில கப்பல்கள் ரோஸ்ட், வேரோய் தீவுகளைத் தொட்டுப் போகும், அவற்றில் நேரம் இரட்டிப்பாகும். புறப்பாட்டுக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே வரிசையில் நிற்காவிட்டால் பதிவு போய்விடும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கடலில் போட்டால் வேலை செய்யாது.

கப்பல் கேன்சல் ஆயிட்டா? இல்ல டிக்கெட்டே கிடைக்கலன்னா?

சாலை வழி இருக்கிறது. போடோவிலிருந்து ஃபாவ்ஸ்கேக்குத் திரும்பி வந்து இ6-இல் வடக்கே போங்கள். பொக்னெஸ் என்ற இடத்தில் இரண்டு தேர்வு: லோடிங்கனுக்கு ஒரு மணி நேர ஃபெர்ரி எடுத்தால் லோஃபோட்டன் சாலையில் ஏறிவிடலாம், ஸ்கார்பெர்கெட்டுக்கு 25 நிமிட ஃபெர்ரி எடுத்தால் நார்விக். இரண்டுக்கும் முன்பதிவுத் தொல்லை இல்லை. 2007-இல் திறந்த லோஃபாஸ்ட் சாலையால் நார்விக் பக்கமிருந்து லோஃபோட்டனுக்குக் கப்பலே இல்லாமலும் போகலாம்.

ஆனால் அப்படிப் போனால் தீவுகளின் தென்முனை வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும், ஏறக்குறைய ஒரு நாள் கூடும். அதனால்தான் லோஃபோட்டனில் மூன்று இரவு போடச் சொல்கிறோம். ஒன்று காற்றுக்கும் கடலுக்கும் ஒதுக்கியது. தங்குமிடத்தை ரத்து செய்ய முடிகிற வகையில் பதிவு செய்யுங்கள்.

பெட்ரோல் பங்க்ல ஆளே இல்லையாமே?

வடக்கே பல பங்குகள் ஆளில்லாதவை. கார்டைச் செருகி நான்கு இலக்க ரகசிய எண்ணைப் போட்டால்தான் குழாய் இயங்கும். இந்திய கிரெடிட் கார்டின் எண் நினைவில் இருக்கிறதா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். எண் போடும்போது ஆயிரம் குரோனருக்கு மேலான ஒரு தொகை தற்காலிகமாகப் பிடித்து வைக்கப்படலாம். குறைந்த இருப்புள்ள ஃபாரெக்ஸ் கார்டு இங்கேதான் மாட்டும். வேறு வங்கியின் இன்னொரு கார்டு கட்டாயம் வேண்டும். ரொக்கம் ஸ்வீடனில் பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள்.

"பென்சின்" என்றால் பெட்ரோல், 95 என்று எழுதியிருக்கும். பண்ணை வண்டிகளுக்கான வரி குறைந்த நிறமூட்டிய டீசல் தனிக் குழாயில் இருக்கும். விலை குறைவாகத் தெரிகிறதே என்று அதைத் தொடாதீர்கள், அபராதம் கடுமை. தொட்டி பாதியாகும்போதே நிரப்பும் பழக்கம் வேண்டும், குறிப்பாக நார்விக்–கிரூனா, கிரூனா–லூலியோ பகுதிகளில்.

எலக்ட்ரிக் கார் எடுத்தா செலவு குறையுமாமே?

நார்வேயில் குறையும். மின்சாரக் கார்களுக்கு டோலிலும் ஃபெர்ரியிலும் சலுகை உண்டு, இ6 நெடுக வேக சார்ஜர்கள் இருக்கின்றன. புதிதாக அமைக்கப்படும் வேக சார்ஜர்களில் செயலி இல்லாமல் வங்கி அட்டையிலேயே கட்டலாம், பழையவற்றில் செயலி கேட்கும். ஊரில் இருக்கும்போதே இரண்டு மூன்று செயலிகளை நிறுவி, இந்திய கார்டை ஏற்கின்றனவா என்று சோதித்துவிடுங்கள்.

இடைவெளி நீளும் இடம் கிரூனாவுக்குத் தெற்கே. அங்கே 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். முதல்முறை வலப்பக்கம் ஓட்டுகிறவர், முதல்முறை மின்சாரக் கார் ஓட்டுகிறவர் இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் பெட்ரோல் வண்டியே நல்லது.

மான் குறுக்க வரும்னு பயமுறுத்துறாங்க. அவ்வளவு பெரிய விஷயமா?

இந்தப் பயணத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று இதுதான். மூஸ் என்பது குதிரை உயரத்துக்கு நீண்ட கால்களில் நிற்கும் மான், கிடா ஐந்நூறு கிலோ வரை இருக்கும். கார் மோதும்போது கால்கள்தான் பம்பரில் படும். உடல் முழுவதும் முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். ஸ்வீடனின் காட்டுச் சாலைகளில் விடியலிலும் அந்தியிலும் நடமாட்டம் அதிகம். செப்டம்பர், அக்டோபரில் இனப்பெருக்கக் காலம், இன்னும் கூடும்.

சாலையோரம் கம்பி வேலி ஓடிக்கொண்டே வந்து திடீரென முடிகிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். விலங்குகள் கடப்பது அங்கேதான். ஒன்றைக் கண்டால் முழு பிரேக், ஒதுங்க வேண்டி வந்தால் அதன் பின்பக்கமாக. அது முன்னோக்கித்தான் ஓடும். தாய் கடந்துவிட்டால் உடனே கிளம்பாதீர்கள், குட்டி பின்னால் வரும்.

ரெயின்டீர் மான்கள் வேறு ரகம். கூட்டமாகச் சாலை நடுவே நிற்கும், ஹாரனுக்கு அசையாது, சில சமயம் வண்டிக்கு முன்னாலேயே ஓடும். மெதுவாகக் காத்திருப்பதுதான் வழி. ஸ்வீடனின் வடக்கே கம்பத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால், பக்கத்தில் மந்தை இருக்கிறது என்று மேய்ப்பவர்கள் விட்ட எச்சரிக்கை. அவை பெரும்பாலும் வடக்கின் பூர்வகுடிகளான சாமி இனத்தவரின் வளர்ப்பு விலங்குகள். மோதினால் மூஸானாலும் ரெயின்டீரானாலும் போலீசுக்குச் சொல்வது கட்டாயம். ஸ்வீடனில் அந்த இடத்தை ஒரு துணியோ பையோ கட்டி அடையாளமும் வைக்க வேண்டும். விலங்கு காட்டுக்குள் ஓடிவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் போனால் குற்றம்.

கேமராவைத் தாண்டினதும் வேகம் எடுத்தா என்ன?

நார்வேயில் இரண்டு கேமராக்களுக்கு இடையே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகம் கணக்கிடும் பகுதிகள் உண்டு, சுரங்கப் பாதைகளில் அதிகம். முதல் கேமராவுக்கு முன் பிரேக் போட்டு என்ன பயன்? பத்து கிலோமீட்டர் கூடினாலே அபராதம் சில ஆயிரம் குரோனர், வாடகை நிறுவனம் அதன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும்.

ஸ்வீடனில் இ4-இன் பெரும்பகுதி இரண்டும் ஒன்றுமாகத் தடம் மாறும் சாலை, நடுவே கம்பி வடத் தடுப்பு. ஒரு தடம் இருக்கும்போது முந்த வழியே கிடையாது. இரண்டு கிலோமீட்டருக்குள் இரட்டைத் தடம் வந்துவிடும், பொறுங்கள்.

பார்க்கிங் போர்டுல மூணு விதமா நேரம் போட்டிருக்கு. எதைப் பார்க்கிறது?

கறுப்பு எண் வார நாட்களுக்கு, அடைப்புக்குறிக்குள் இருப்பது சனிக்கிழமைக்கு, சிவப்பு எண் ஞாயிறு, விடுமுறைகளுக்கு. இரு நாட்டிலும் இதே முறை. சந்திப்பிலிருந்து ஸ்வீடனில் 10 மீட்டர், நார்வேயில் 5 மீட்டர் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். பார்க்கிங் கட்டணம் கட்ட ஈசிபார்க் செயலி இரண்டிலும் வேலை செய்யும். லோஃபோட்டனின் ஒடுங்கிய சாலையில் "எம்" என்று எழுதிய ஒதுங்கிடம் எதிர்வண்டிக்கு வழிவிட மட்டுமே. அங்கே நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகக் கூடாது.

தங்க ஹோட்டல் வேணுமா? எங்க வேணும்னாலும் டென்ட் போடலாம்னு சொல்றாங்களே?

கூடாரம் அடிக்கும் உரிமை உண்மை. நார்வேயில் ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவு வரை. அந்த உரிமை நடந்து போகிறவருக்கு. காரைப் புல்வெளியில் ஏற்ற அனுமதி இல்லை. லோஃபோட்டனில் பல கடற்கரைகளில் தடைப் பலகை இருக்கும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை நார்வேயில் காட்டிலோ காட்டருகிலோ தீ மூட்டக் கூடாது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு முகாம் மைதானங்களில் உள்ள மரக்குடில்தான் சரி. நார்வேயில் "ஹித்தே", ஸ்வீடனில் "ஸ்டூகா" என்று தேடுங்கள். நாலு கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி இருக்கும். ஹோட்டலின் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைப்பதுண்டு. விரிப்பும் துண்டும் தனிக் கட்டணம், கிளம்பும்போது நீங்களே கூட்டித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் கட்டணம்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? வெஜிடேரியன் கிடைக்குமா?

மேலே சொன்ன குடிலில் தங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அரிசி, பருப்பு, தயிர், காய் எல்லாம் ரேமா, கீவி, கூப், ஈக்கா போன்ற கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து ரசப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, கோழித் தொக்கு போன்ற பால், இறைச்சிப் பொருட்களுக்கு அனுமதி இல்லை. சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் இல்லை. அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. மிளகாய் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி ஊரைக் கூட்டிவிடும், முதலில் ஜன்னலைத் திறங்கள்.

நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். சனி மாலையே வாங்கிவிடுங்கள். ஸ்வீடனில் ஞாயிறும் திறந்திருக்கும். அங்கே வெளியே சாப்பிடச் சிறந்த நேரம் வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை: "தாகென்ஸ் லுன்ச்" என்ற அன்றைய மதிய உணவில் சாலட், ரொட்டி, காபி எல்லாம் அடக்கம், பெரும்பாலும் சைவ வகை ஒன்றும் இருக்கும்.

எல்லையில நிறுத்துவாங்களா? ஸ்வீடன்ல வாங்கின சாமானை நார்வேக்குக் கொண்டுவரலாமா?

நார்விக்கிலிருந்து ரிக்ஸ்க்ரேன்சன் வழியாக ஸ்வீடனுக்குள் போகும்போது பலருக்கு எல்லை தாண்டியதே தெரியாது. ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். திரும்பும்போது இ18-இல் ஓர்யே சுங்கச் சாவடி வரும். ஷெங்கன் என்பது ஆட்களுக்குத்தான். பொருட்களுக்கு இது சுங்க எல்லை. அறிவிக்க ஏதுமில்லை என்றால் பச்சை, இருந்தால் சிவப்பு.

ஸ்வீடனில் விலை குறைவு என்பதால் எல்லைக்குச் சற்று முன்னால் டோக்ஸ்ஃபோர்ஸில் நார்வேக்காரர்கள் வண்டி வண்டியாக வாங்குவார்கள். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து ஆளுக்கு 10 கிலோ வரை சரி. உருளைக்கிழங்கு ஒன்றுகூடக் கூடாது, பயிர் நோய்க்குப் பயந்து போட்ட தடை.

வழியில எதைப் பார்க்காம விடக்கூடாது?

ட்ரோண்ட்ஹெய்மின் நிடாரோஸ் பேராலயம். போடோ அருகே சால்ட்ஸ்ட்ராவ்மன் நீர்ச்சுழல். ஓத அட்டவணையைப் பார்த்துப் போகாவிட்டால் வெறும் தண்ணீர்தான் தெரியும். லோஃபோட்டனில் ரெய்னே, நூஸ்ஃபியோர்ட், சாலை முடியும் "ஓ" கிராமம். அதைத் தேட, தலையில் சிறு வட்டம் போட்ட "ஏ" எழுத்தை இடவேண்டும். மொஸ்கெனெஸ் என்றும் சேர்த்துப் போடுங்கள், அதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு.

நார்விக்–கிரூனா சாலை 1984-இல்தான் திறந்தது; அதுவரை இரும்புத் தாது ரயில் பாதை மட்டுமே. இந்தச் சுற்றிலேயே அழகான 180 கிலோமீட்டர் இது. 1909-இல் அமைந்த ஆபிஸ்கோ தேசியப் பூங்காவுக்கு அரை நாள் கொடுங்கள். கிரூனாவில் சுரங்கத்தால் நிலம் உள்வாங்குவதால் ஊரையே இடம் மாற்றுகிறார்கள். பழைய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் சக்கரங்கள் மேல் ஏற்றி, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள். பழைய மேப்பை நம்பினால் இல்லாத தெருவில் போய் நிற்பீர்கள். தெற்கே வரும்போது லூலியோவின் காமல்ஸ்டாட் தேவாலய ஊரும், ஹோகா குஸ்டன் மலைக்கரையும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை.

இதே ரூட்டை டிசம்பர்ல ஆரோரா பார்க்கப் போகலாமா?

முழுச் சுற்று வேண்டாம். டிசம்பர் நடுவில் கிரூனாவில் சூரியன் எழுவதே இல்லை. இ6 கடக்கும் டோவ்ரே, சால்ட்ஃபியெல் மலைப்பகுதிகளில் காற்று அடித்தால் சாலையை மூடுவார்கள், அல்லது பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக மட்டும் போக விடுவார்கள். நீங்கள் போட்ட கால அட்டவணை அங்கே செல்லாது. ஸ்வீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்நிலை இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம், நார்வேயில் டயரின் பிடிமான ஆழம் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முதல் கேள்விக்குச் சொன்ன குறுகிய வடிவத்தையே இன்னும் சுருக்கி, நார்விக்–ஆபிஸ்கோ–கிரூனாவை ரயிலில் போவது புத்திசாலித்தனம்.

வண்டி நடுவழியில நின்னுட்டா யாரைக் கூப்பிடறது?

உயிருக்கு ஆபத்து என்றால் இரு நாட்டிலும் 112. நார்வேயில் தீயணைப்பு 110, ஆம்புலன்ஸ் 113 என்று தனித்தனியாகவும் உண்டு. அவசரமில்லாத போலீஸ் எண் நார்வேயில் 02800, ஸ்வீடனில் 114 14. நார்வேயில் சாலை நிலவரத்துக்கு 175. வண்டிக் கோளாறுக்கு வாடகை ஒப்பந்தத்தில் உள்ள எண். ஒளிரும் மேலங்கியை மாட்டிக்கொண்டே கீழே இறங்குங்கள். ஸ்வீடன் சிம் நார்வேயிலும் ரோமிங் கட்டணமின்றி வேலை செய்யும்.

ஊருக்கு வந்து ஒரு மாசம் கழிச்சு கார்டுல பணம் போயிருக்கு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. டோல், ஃபெர்ரி, நெரிசல் வரி எல்லாம் கேமராவிலிருந்து வாடகை நிறுவனத்துக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அபராதம் இன்னும் தாமதமாக வரும். அந்த கார்டை ஊர் திரும்பியதும் மூடிவிடாதீர்கள். கணக்கு விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் தேதி, இடம், நேரம் வாரியாகத் தருவார்கள். உங்கள் மேப்பின் பயண வரலாற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுக்க வேண்டிய தொகை இரண்டு வகைதான்: நீங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்த நேரத்துக்குப் பிந்தையது, வண்டிக்கு ஏற்பட்ட சேதம் என்று போட்டது. இரண்டுக்கும் ஆதாரம், எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் வண்டியைச் சுற்றி எடுத்த வீடியோ. நான்கு சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, கிலோமீட்டர் காட்டி, எரிபொருள் முள் ஆகிய எல்லாமும் அதில் தெரிய வேண்டும்.